டெஸ்டோஸ்டெரோன்: ‘ஆண் ஓமோன்’ என்றால் போதுமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதாவது ஓர் ஆய்வுகூடத்தின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். டெஸ்டோஸ்டெரோன் அளவுக்கு ஆணுக்கு ஓர் எல்லை இருக்கும். பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைந்த இன்னோர் எல்லை. குறைவுதான், ஆனால் பூச்சியம் இல்லை. இருந்தும் நம் பேச்சில் அது ‘ஆண் ஓமோன்’தான். மாதவிடாய் நின்ற பிறகு பாலுறவில் விருப்பம் குறைந்துவிட்டது என்று போகும் பெண்ணிடம் டொக்டர் இந்தப் பெயரைச் சொன்னால், “ஐயோ, மீசை முளைக்குமா?” என்றுதான் முதலில் கேட்பார்.

பயத்துக்கு வித்து பெயரிலேயே இருக்கிறது. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர் ஏர்ன்ஸ்ட் லக்கேரின் குழு காளையின் விதைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. விதையைக் குறிக்கும் லத்தீன் ‘டெஸ்டிஸ்’, அப்புறம் ‘ஸ்டெரோல்’ என்ற சேர்ம வகையின் பெயர், கீட்டோன் என்ற இன்னொரு வகைச் சேர்மங்களுக்கு வரும் ‘ஓன்’ என்ற ஈறு: மூன்றையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். காளையின் விதையில் கிடைத்ததால் அந்தப் பெயர், அவ்வளவுதான். பெண்ணின் சூலகமும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியும் இதையே சுரக்கின்றன. இளவயதிலிருந்தே அளவு மெல்ல இறங்கும். மாதவிடாய் நிற்கும்போது திடீரென விழுவதில்லை. இரண்டு சூலகங்களையும் சத்திரசிகிச்சையில் எடுத்தவர்களுக்கு மட்டும் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

‘ஓமோன்’ என்பது இலங்கைப் பாடநூல் வழக்கு; தமிழ்நாட்டில் ஹார்மோன். ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. கிரேக்க வேருக்குத் ‘தூண்டு, கிளப்பிவிடு’ என்று பொருள். ஆகவே ‘இயக்குநீர்’ நல்ல தமிழ். ‘வளரூக்கி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எல்லா ஓமோனும் வளர்ச்சிக்கானதல்ல என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாலுறவு விருப்பத்தை மருத்துவர்கள் லிபிடோ என்பார்கள்; அதற்கு ‘வேட்கை’யே போதும். தொல்காப்பியக் களவியல் காதல் நிலைகளை அடுக்கும்போது முதலில் வைப்பதும் இதைத்தான். ‘பாலியல் குறைபாடு’ என்று எழுதுவது பிழை. வேட்கை குறைவது தன்னளவில் நோயல்ல. அதனால் அந்தப் பெண்ணே மனம் வருந்தினால்தான் சிகிச்சைப் பேச்சு. கணவரின் மனக்குறை கணக்கில் வராது.

சிகிச்சை என்று பார்த்தால், 2019இல் வெளியான மருத்துவ அமைப்புகளின் சர்வதேச இணக்க அறிக்கை பெண்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுக்க ஆதாரமுள்ள காரணம் ஒன்றைத்தான் ஏற்றது: மாதவிடாய் நின்ற பின் வேட்கை குறைந்து வருந்துவது. களைப்பு போகும், மறதி தீரும், இளமை திரும்பும் என்று காரணம் காட்டி இதைக் கொடுக்க ஆதாரமில்லை. பலனும் மிதமானதே. ஆய்வுகளின் சராசரியில், மாதத்துக்குத் திருப்தியான பாலுறவு ஏறத்தாழ ஒன்று கூடியது. தோலில் பூசும் கிரீம் அல்லது ஜெல். ஆணுக்குரிய அளவில் பத்தில் ஒரு பங்கு போல. அவுஸ்திரேலியாவில் 2020இல் பெண்களுக்கென்றே ஒரு கிரீமுக்கு அனுமதி கிடைத்தது. மாத்திரையாக விழுங்கினால் கொலஸ்ட்ரோலைக் கெடுக்கும் என்பதால் அது வேண்டாம் என்கிறார்கள்.

மீசைக் கேள்விக்கு வருவோம். அளவாகப் பூசினால் கொஞ்சம் முகப்பருவும் ரோமமும் வரலாம். அளவு மீறினால் குரல் தடிக்கும், தடித்த குரல் திரும்பாமலும் போகலாம். இரத்தப் பரிசோதனை அந்த மீறலைப் பிடிக்கத்தான். வேட்கைக் குறைவை எந்த எண்ணும் காட்டித் தராது. யோனி வறட்சியால் உறவின்போது வலி, மன அழுத்த மாத்திரை, தூக்கமின்மை என்று வேறு காரணங்கள் இருந்தால் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் பூசியும் மாற்றமில்லையென்றால் நிறுத்திவிடுவார்கள்.