ஒரு ரயரை மட்டும் மாற்றாதீர்கள்: பழைய சுபாரு ஓடுவோருக்கு

இந்தப் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரே காரணத்துக்காக என் கராஜுக்கு வந்த நான்காவது சுபாரு இது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இரவு நேரத்தில் போய்வரும் ஒரு தங்கை, 2003ஆம் ஆண்டு அவுட்பேக் ஸ்ரேசன் வாகன் ஒன்றை வைத்திருக்கிறார். 270,000 கி.மீ. ஓடிய வண்டி என்றாலும் எஞ்சினில் பெரிய குறை எதுவும் இல்லை. போன மாசியில் வீதிக் குழி ஒன்றில் இறங்கிப் பின்பக்க வலது ரயர் கிழிந்துபோக, அருகிலிருந்த ரயர் கடையில் ஒரேயொரு புது ரயரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மார்கழி பிறந்தபோது, அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தரிப்பிடத்தில் ஸ்ரியரிங்கை முழுமையாக ஒடித்துத் திருப்பும் ஒவ்வொரு முறையும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து இழுத்து விடுவதைப் போல வண்டி உதறத் தொடங்கியிருக்கிறது.

நான் அளந்து பார்த்தேன். மாற்றிய ரயரின் பூவில், அதாவது வீதியில் படும் வெட்டுவரிகளில், 7 மி.மீ. ஆழம் இருந்தது, மற்ற மூன்றிலும் 3 மி.மீ.தான். கியர்பொக்ஸ் ஒயிலை இறக்கியபோது அது கறுத்து, கருகிய மணத்தோடு வந்தது. "அண்ணை, மற்ற மூண்டும் நல்லாத்தானே கிடந்தது, ஏன் வீணாய் நாலையும் மாத்திறது எண்டு நினைச்சன்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. இந்த ஒரு வசனத்தை இத்தனை பேரிடம் இத்தனை வருடங்களாகக் கேட்டும், ரயர் விற்பவர்கள் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் அனுப்புகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன். கொரொல்லா, சிவிக் போன்ற வண்டிகளில் முன்சில்லுகள் இழுக்கின்றன, பின்சில்லுகள் வெறுமனே உருளுகின்றன. அவற்றில் முன்னுக்கு ஒரு சோடி, பின்னுக்கு வேறொரு சோடி என்று போட்டால் கியர்பொக்ஸுக்கு ஒன்றும் நேராது. ஆனால் வட அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து பல வருடங்களுக்கு விற்கப்பட்ட சுபாரு கார்கள் அனைத்திலும் நான்கு சில்லுகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டே இருக்கின்றன. லெகசி, அவுட்பேக் எதுவாக இருந்தாலும், நீங்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தாமலே அந்தப் பிணைப்பு எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். தேய்ந்த ரயரின் சுற்றளவு புதியதைவிடக் குறைவு என்பதால், ஒரே தூரத்தைக் கடக்க அது கூடுதலான தடவை சுற்ற வேண்டும்.

அந்தத் தங்கையின் வண்டிக் கணக்கையே பாருங்கள். 225/60 ஆர் 16 அளவுள்ள ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,125 மி.மீ. ஆகும். பூவின் ஆழத்தில் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் 25 மி.மீ. வித்தியாசம். அது அற்பமாகத் தெரியலாம். ஆனால் நெடுஞ்சாலை 401இல் 100 கி.மீ. ஓடி முடிக்கும்போது தேய்ந்த ரயர் புதியதைவிட ஏறத்தாழ 560 தடவை அதிகமாகச் சுற்றியிருக்கும். அதில் ஒரு பகுதியைப் பின் டிஃபரென்ஷியல், அதாவது இரு பக்கச் சில்லுகளையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சில்லுத் தொகுதி, விழுங்கிக்கொள்ளும். மிச்சம், ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸுக்குள் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள கிளச்சின் தலையில் விழும். வழுக்கலான வீதியில் சில விநாடிகள் நழுவுவதற்காக அமைக்கப்பட்ட அந்தக் கிளச், காய்ந்த நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓய்வின்றி நழுவிக்கொண்டே போகிறது. ஒயில் கொதிக்கிறது, தட்டுகள் கருகுகின்றன, தட்டுகளின் பற்கள் கிளச் கூடையில் பள்ளம் போட்டு அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. அதன் பிறகு வளைவுகளில் கூட அது விட்டுக்கொடுக்காது. உதறலுக்குக் காரணம் இதுதான். கையால் கியர் மாற்றும் வண்டிகளில் இந்தக் கிளச்சுக்குப் பதிலாக நடு டிஃபரென்ஷியலும் அதனுள் சிலிக்கோன் திரவம் நிரப்பிய இணைப்பும் இருக்கும். அங்கும் முடிவு இதேதான்.

சுபாருவின் கையேடு சொல்லும் எல்லை, நான்கு ரயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 6 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும் என்பதாகும். பூவின் ஆழத்தில் கணக்குப் பார்த்தால் அது 1 மி.மீ. மட்டுமே. நான்கும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம். "கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். தையல் நாடாவை எடுத்துச் சென்று நீங்களே சுற்றி அளந்து பாருங்கள்.

காசில்லாத நேரத்தில் நான்கு ரயர் வாங்குவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். இத்தகைய வண்டிகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்கள்தான். அதற்கும் வழிகள் உண்டு. பழைய வாகன உதிரிப்பாக முற்றங்களில் அதே தயாரிப்பில், அதே அளவு தேய்ந்த ரயர் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். சில ரயர் கடைகளில் புது ரயரின் பூவைச் சீவி, மற்ற மூன்றின் ஆழத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். புது ரயரைச் சீவுவதா என்று மனம் பதைக்கும், இருந்தாலும் அது கியர்பொக்ஸைவிட மலிவு. இந்த இரண்டும் தேவைப்படாமலிருக்க, ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கும் ரயர்களை முன்பின்னாக இடம் மாற்றி, நான்கையும் ஒன்றாகவே தேயவிட்டு, ஒன்றாகவே மாற்றுங்கள்.

வழியில் ரயர் போய்விட்டால் டிக்கியில் இருக்கும் மெல்லிய உதவிச் சில்லைப் போட வேண்டிவரும். 2004 வரையான நான்கு கியர் ஓட்டோமற்றிக் வண்டிகள் பலவற்றில், எஞ்சின் பகுதியில் எஃப்டபிள்யூடி (முன்சில்லு இழுவை) என்று எழுதிய வெறுமையான ஃபியூஸ் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின்சில்லுகளுக்கான இழுவை துண்டிக்கப்பட்டு, மீற்றர் பலகையில் அதற்கான விளக்கு எரியும். உதவிச் சில்லைப் பின்பக்கத்தில் மட்டுமே பூட்டுங்கள். காற்றுப் போனது முன் ரயர் என்றால் பின்னாலுள்ள நல்ல ரயரை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகு பூட்டுங்கள். வேறு சில்லு கிடைத்ததும் ஃபியூஸைக் கழற்ற மறக்க வேண்டாம்.

அதே ஃபியூஸ்தான் பழுது பார்க்கவும் உதவுகிறது. வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓடியபின், காய்ந்த தரிப்பிடம் ஒன்றில் ஸ்ரியரிங்கை முழுமையாக ஒடித்து ஆறுதலாக ஒரு வட்டம் போடுங்கள். டக் டக் என்று சத்தம் மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் அச்சு மூட்டு. வண்டியே தயங்கி உதறினால் நான் சொன்ன பிணைப்பு. உடனே ஃபியூஸைச் செருகி மீண்டும் வட்டம் போடுங்கள். உதறல் நின்றுவிட்டால் கிளச் இன்னும் விடுபடுகிறது என்று அர்த்தம். முதலில் ரயர்களையும் ஒயிலையும் கவனியுங்கள். நிற்காவிட்டால் கிளச்சைக் கட்டுப்படுத்தும் சொலனோயிட் என்ற மின்வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது கூடையில் பள்ளம் விழுந்திருக்கலாம். ஒயில் திருகியைக் கழற்றினால் மொத்த ஒயிலில் பாதிக்கும் குறைவாகவே இறங்கும் என்பதால், நான் சில நாள் இடைவெளியில் மூன்று தடவை இறக்கி ஊற்றுவேன். தொடக்க நிலையில் இது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. அந்தத் தங்கைக்குத் தரவில்லை. பழைய கியர்பொக்ஸ் ஒன்றைத் தேடிப் பூட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் நல்ல ரயர்கள் மூன்று தொகுதி வாங்கியிருக்கலாம்.

ஒயில் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. இந்த ஓட்டோமற்றிக் வண்டிகளில் முன் டிஃபரென்ஷியலுக்குத் தனி ஒயிலும் தனி அளவுகோலும் இருக்கின்றன. அவசரமாக எஞ்சின் ஒயில் மாற்றும் இடங்களில், எஞ்சின் திருகி என்று நினைத்துக் கியர்பொக்ஸ் ஒயிலை இறக்கிவிட்டு, எஞ்சினில் மேலும் ஐந்து லீற்றர் ஊற்றி அனுப்பிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒயில் மாற்றியவுடன், அங்கிருந்து புறப்படும் முன், மூன்று அளவுகோல்களையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை எல்லோரும் அஞ்சுவது ஹெட் கஸ்கெற்றுக்குத்தான் (எஞ்சின் கட்டைக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு), அந்த அச்சம் நியாயமானதுமாகும். 1996 முதல் 1999 வரையான இரட்டைக் கம்ஷாஃப்ற் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 2.5 லீற்றர் எஞ்சின்களில், எரிந்த வாயு உள்ளுக்குள்ளேயே எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற்றுக்குள் கசியும். நகரத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, நீண்ட பயணத்தில் திடீரென்று கொதிக்கும். கூலன்ற் போத்தலில் குமிழிகள் எழுவதும் கறுப்புப் பிசுக்குப் படிவதும் அதன் அடையாளங்கள். 2000இன் பின்னர் வந்த ஒற்றைக் கம்ஷாஃப்ற் எஞ்சின்களில் கசிவு பெரும்பாலும் வெளிப்புறமாக, ஹெட்டின் அடிவிளிம்பில் ஈரமாகத் தெரியும். அது மெதுவான நோய், கவனித்துக்கொண்டே சில காலம் ஓடலாம். வாரம் ஒரு தடவை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போத்தலின் மட்டத்தைப் பாருங்கள். வெப்பமானி ஏறினால் வீடு வந்து சேரலாம் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இருபது நிமிடம் பொறுத்திருந்தால் கஸ்கெற் செலவோடு போயிருக்க வேண்டியது, ஹெட்டே வளைந்து முழு எஞ்சினையும் கொண்டுபோன வண்டிகள் பல. கஸ்கெற் மாற்றும்போது பல அடுக்கு உருக்குக் கஸ்கெற்றையே கேட்டு வாங்குங்கள்.

வால்வுகளைப் பிஸ்ரன்களோடு நேரம் தவறாமல் இயக்கும் ரைமிங் பெல்ற்றுக்கான கெடு 105,000 மைல், அதாவது ஏறக்குறைய 169,000 கி.மீ., அல்லது 105 மாதம், எது முதலில் வருகிறதோ அது. முன்னைய உரிமையாளர் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளையும். பெல்ற்றோடு உருளிகளையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றுவது புத்தி.

ஒன்ராறியோவின் வீதி உப்பு இந்த வண்டிகளின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். வாங்குமுன் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். பின்பக்கச் சட்டகமும் பிறேக் குழாய்களும் உக்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பனி ரயர் பற்றியும் ஒரு வேண்டுகோள். நான்கு சில்லுகளும் இழுப்பது வண்டி புறப்படுவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. பிறேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சில்லுகளிலும்தான் இருக்கிறது. பனிக்கட்டியில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ரயரின் றப்பர் மட்டுமே. கியூபெக்கில் மார்கழி (டிசம்பர்) 1 முதல் பங்குனி (மார்ச்) 15 வரை பனி ரயர் சட்டப்படி கட்டாயம். இங்கே கட்டாயமில்லை, ஆயினும் 2016 முதல் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் பனி ரயருக்குத் தள்ளுபடி தர வேண்டும். கேட்காமல் விடாதீர்கள்.

வண்டி நின்றுபோய் இழுவை வண்டியை அழைக்க நேர்ந்தால், நான்கு சில்லுகளும் நிலத்தில் படாமல் ஏற்றிச்செல்லும் தட்டையான மேடையுள்ள லொறி வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். வந்தவர் முன்சில்லுகளை மட்டும் தூக்கிக் கட்ட முயன்றால், எவ்வளவு குளிராக இருந்தாலும் சாவியைக் கொடுக்காமல் வேறு லொறிக்காகக் காத்திருங்கள்.