மாங்காய் பழுக்கும் கணக்கு

வைக்கோலுக்குள் மூடி வைத்த மாங்காய், கூடையில் திறந்து கிடக்கும் காயைவிட முந்திப் பழுக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஏன் என்பதைச் சொல்ல உயிர்வேதியியல் மட்டும் போதாது, கணிதமும் வேண்டும்.

காயைப் பழுக்க வைப்பது எத்திலீன் என்ற வாயு. மாங்காய் அதைத் தானே தயாரிக்கிறது. மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஏ.சி.சி. என்ற இடைப்பொருள் உருவாகும். அது ஆக்சிஜனோடு சேர்ந்து எத்திலீனாகும். இந்த இடைப்பொருளை ஆடம்ஸ், யாங் இருவரும் 1979-ல் கண்டறிந்தார்கள். செல்லில் எத்திலீனை உணரும் புரதங்களான ஏற்பிகளின் வேலை கொஞ்சம் விசித்திரமானது: வாயு இல்லாதவரை அவை பழுப்பதைத் தடுத்து வைக்கும், வாயு ஒட்டிக்கொண்டதும் பிடியை விடும். முற்றிய காயில் அதன்பின் ஏ.சி.சி. தயாரிக்கும் மரபணுக்கள் வேகமெடுக்க, எத்திலீன் மேலும் எத்திலீனைப் பெருக்கும்.

உயிரின் இயக்கத்தைக் கணிதத்தால் விளக்கும் அமைப்புசார் உயிரியல், இதை ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாக வரைகிறது. காய்க்குள் எத்திலீன் கூடக்கூட உற்பத்தி முதலில் மெதுவாக, பிறகு செங்குத்தாக ஏறி, கடைசியில் சமனாகும். தோல் வழியே வெளியேறும் அளவோ நேர்கோட்டில் ஏறும். கோடுகள் வெட்டும் இடத்தில் உற்பத்தியும் வெளியேற்றமும் சமம். இரண்டும் மூன்று இடங்களில் வெட்டினால் கீழ்ப்புள்ளி காய், மேற்புள்ளி பழம், நடுப்புள்ளி வாசல். வாசலைத் தாண்டிய காய் தானாகவே மேலே போய்விடும். வைக்கோல் வாயு வெளியேறுவதைக் குறைக்கிறது. நேர்கோட்டின் சாய்வு குறைய, வாசலும் கீழே இறங்குகிறது; காய் அதை முந்தித் தாண்டிவிடுகிறது.

பழுக்க வைக்கும் அறையில் விடும் எத்திலீன் வாயுவும் காயை வாசல் தாண்ட வைப்பதற்குத்தான். சட்டம் அனுமதிக்கும் உச்சம் 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. (கார்பைடு தடைசெய்யப்பட்டது, அதில் ஆர்சனிக், பாஸ்பீன் கலப்பு இருக்கும்.) 20 முதல் 22 டிகிரி வெப்பம், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், சுமார் 24 மணி நேரம். இதைக் கெடுப்பவை பெரும்பாலும் வாயு அல்லாத காரணங்கள். பழுக்கும் காய் வேகமாகச் சுவாசிப்பதால் கிரேட்டின் நடுவே சூடேறும். 35 டிகிரியைத் தாண்டினால் ஏ.சி.சி.யை எத்திலீனாக்கும் நொதி மந்தமாகும். தோல் பச்சையாக நிற்க, சதை மட்டும் குழையலாம். அதே சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீனின் வேலையை மட்டுப்படுத்தும். அந்நேரம் இன்னும் வாயு விடுவது வீண்; காற்றை மாற்ற வேண்டும். கிரேட்டுகளுக்கு இடையே இடைவெளியும் வேண்டும்.

முற்றாத காய்க்கு எந்த அறையும் உதவாது. தண்ணீரில் மிதக்கும் பெங்களூரா ரக மாங்காயை முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. அதில் மாவுச்சத்து குறைவு. நிறம் ஏறினாலும் கூழ் ஆலை கேட்கும் 14 பிரிக்ஸ் (சர்க்கரை அளவைக் காட்டும் அலகு) இனிப்பு வராது.