300 டாலரில் இடிந்த நகரம்

2009 நவம்பரில் யூடியூபில் ஒரு ஸ்பானிய மொழிக் குறும்படம் வெளியானது. ‘அதாக்கே தே பானிக்கோ’ என்று பெயர். ஐந்து நிமிடம்கூட ஓடாது. மூடுபனிக்குள்ளிருந்து ராட்சத ரோபோக்கள் நடந்துவருகின்றன. உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோ நொறுங்குகிறது. இயக்கியவர் ஃபெடே ஆல்வரெஸ். செலவு 300 டாலர்தான் என்று செய்தி பரவ, ஹாலிவுட் அவரைத் தேடிவந்தது. 2013இல் ‘ஈவில் டெட்’ படத்தின் புதிய வடிவத்தை இயக்கினார்.

அந்த 300 டாலரை அப்படியே நம்பிவிட வேண்டாம். இப்படிப்பட்ட கணக்குகளில், மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த உழைப்புக்குக் கூலி போடுவதில்லை. அந்த உழைப்பு எதில் போகிறது என்பதுதான் சுவாரசியம். ரோபோவை அழகாக உருவாக்குவதில் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேலையில் ஒரு பகுதிதான். கேமராவில் பிடித்த காட்சிக்குள் அது ஒட்டும் அளவுக்கு அதைக் கெடுப்பதில்தான் வித்தை இருக்கிறது.

முதல் சிக்கல் கேமராவின் ஆட்டம். கையில் பிடித்து எடுத்த காட்சி ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்திலும், கொஞ்சம் அசையும். ரோபோவும் துல்லியமாக அதே அளவு அசைய வேண்டும். இல்லையென்றால் கால் தரையில் நிற்காமல் வழுக்கும். இதற்குத்தான் ட்ராக்கிங். மென்பொருள் படத்தில் ஜன்னல் மூலை, சாலைக் கோடு, சுவர் விரிசல் என நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, ஃபிரேமுக்கு ஃபிரேம் அவை எங்கே நகர்கின்றன என்று பின்தொடரும். ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் பார்த்தால் பக்கத்து மரம் பாய்ந்து ஓடும், தூரத்து மலை கூடவே வரும் அல்லவா? அந்த வேறுபாட்டிலிருந்துதான் எந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கேமரா எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தது என்று இரண்டையும் ஒரே கணக்கில் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த கேமராவை வைத்துப் புள்ளிகளைத் திரும்பவும் படத்தின் மேல் போட்டுப் பார்க்கும். விலகல் ஒரு பிக்சலுக்கும் குறைவாக வரும்வரை விடையைத் திருத்திக்கொண்டே போகும்.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்டாண்டில் நிறுத்திக் கேமராவை வெறுமனே இடம் வலமாகத் திருப்பினால், அந்தக் காட்சியிலிருந்து தூரத்தைக் கணக்கிட முடியாது. கேமரா இடம் பெயர்ந்தால்தான் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் வேறுவேறு வேகத்தில் நகரும். ஆக, காசில்லாதவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடியெடுத்த காட்சியில் கம்ப்யூட்டருக்குத் தேவையான தகவல் தாராளமாகக் கிடைக்கும். அளவுக்கு மீறி ஆட்டினால் மட்டும் படம் மங்கி, புள்ளிகள் பிடி நழுவிவிடும்.

அடுத்தது எடை. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் ஏறக்குறைய 1 நொடியில் தரையைத் தொடும். 45 மீட்டரிலிருந்து விழுந்தால் 3 நொடி. உயரம் ஒன்பது மடங்கானால் நேரம் மூன்று மடங்குதான், அதாவது உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. ஊசல்போல வீசி நடக்கும் காலுக்கும் இதே விதி பொருந்தும். மனிதனைப்போல 25 மடங்கு உயரமான ரோபோ, நாம் அரை நொடியில் வைக்கும் காலடியை இரண்டரை நொடியில் வைத்தால்தான் கண் அதைப் பெரியதென்று ஏற்கும். வேகமாக நடக்கவிட்டால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் பொம்மைதான். சிதறும் காங்கிரீட்டும் தூசியும்கூட இந்தக் கணக்கை மீறக் கூடாது. குறைந்த செலவுப் படங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி கெடுக்கும் வேலை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் வழக்கமாக 48இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும். அந்த இடைவெளியில் நகர்ந்த கை, படத்தில் இழுபட்டுத் தெரியும். கம்ப்யூட்டர் ரோபோவுக்கு அப்படி எதுவும் நேராது என்பதால் அந்த மங்கலைக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். கேமராவின் சென்சார் படத்தில் தூவிவிடும் பொடிப்புள்ளிகளையும், லென்ஸ் ஓரத்தில் நேர்கோட்டை வளைக்கும் குறையையும்கூட விடுவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் கறுப்பு நிறம். தூரத்துக் கட்டடத்தின் நிழலைப் பாருங்கள், அது கறுப்பாக இருக்காது. இடையிலுள்ள தூசியும் ஈரமும் சிதறடிக்கும் ஒளி அதன்மேல் படர்ந்து, நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் ரோபோவின் மிக இருண்ட பகுதி, கட்டடத்தின் இருட்டைவிட வெளுத்திருக்க வேண்டும். இது ஒன்று தவறினால் போதும், ரோபோ படத்தின்மேல் ஒட்டிய ஸ்டிக்கராகிவிடும். மூடுபனி இன்னும் வசதி: நிறவேறுபாடு தூரத்தோடு வேகமாக மங்குவதால், ரோபோவின் திருகு, மடிப்பு எதையும் நுணுக்கமாகச் செய்ய வேண்டாம், நிழலுரு போதும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டு வரைந்து முடிக்கும் ரெண்டர் நேரமும் மிச்சம்.

ரோபோவுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பமோ ஓடும் ஆளோ வந்தால், அவர்களின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பிரிக்க வேண்டும். ரோட்டோ என்பார்கள். அலுப்பூட்டும் வேலை, தலைமுடி பறந்தால் நரகம்.

ட்ராக்கிங்குக்குக் கடலலையும் மரத்து இலையும் ஆகாது. கேமரா அசையாதபோதும் அவை தாமாக அசைந்து கணக்கைக் குழப்பும். அசையாத, கூர்மையான மூலைகள் வேண்டும். தெருவில் அவை ஏராளம். இவ்வகைக் குறும்படங்களில் அடிக்கடி நகரங்களே அழிவதற்குக் கதைத் தேவையோடு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.