திராட்டில் பாடி: சொல் விளக்கம்

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு மெக்கானிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தச் சொல் காதில் விழும்.

"அண்ணே, மிதிச்சா பிக்கப்பே இல்ல."

"திராட்டில் பாடிய கய்ட்டி கிளீன் பண்ணிக்கலாம் தம்பி, சரியாப்பூடும்."

இப்போது பல இளைஞர்கள் அடுத்த கேள்வியையும் கேட்கிறார்கள். கழற்றுவதுதான் கழற்றுகிறோம், உள்துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வழவழப்பாகத் தேய்த்துவிட்டால் கார் இன்னும் துடிப்பாக ஓடாதா? வீட்டிலேயே செய்ய முடியாதா? இதற்கான பதிலில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதனால் சொல்லிலிருந்து தொடங்குவோம்.

பெட்ரோல் காரில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாய் போய்ச் சேரும் இடத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்களுக்கு) முன்னால், ஒரு சின்ன அலுமினியக் கூடு இருக்கும். அதன் நடுவே ஒரு தண்டு, தண்டின்மேல் ஒரு வட்டத் தகடு. காலை எடுத்தால் தகடு துளையை மூடிக்கொள்ளும். மிதித்தால் திரும்பி வழிவிடும். நாம் மிதிப்பது பெட்ரோலை அல்ல, காற்றை. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று பார்த்து, ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கில், எரிபொருளைத் தெளிக்கும் வேலை காரின் கணினியுடையது. எண்ணூர் அசோக் லேலண்டில் பிறந்த பழைய டீசல் லாரிகளில் பெரும்பாலும் இந்தத் தகடே கிடையாது. டீசலில் காற்றைத் தடுப்பதில்லை, எண்ணெயைத்தான் கூட்டிக் குறைக்கிறார்கள்.

சரி, திராட்டில் என்றால் என்ன? ஆங்கிலத்தில் இது ஒரு கொடூரமான வினைச்சொல். குரல்வளையை நெரிப்பது, மூச்சுமுட்டச் செய்வது. தொண்டையைக் குறிக்கும் 'த்ரோட்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். சுமார் 1400-ஐ ஒட்டியே புழக்கத்தில் இருக்கிறது. நீராவி இயந்திரங்கள் வந்த பிறகு, நீராவி போகும் குழாயை நெரிக்கும் கதவுக்கு அதே பெயரை வைத்தார்கள். அங்கிருந்து மோட்டார் வண்டிக்கு வந்தது. ஜெர்மானியர் அதை 'டிராசல்கிளாப்ப' என்கிறார்கள், நெரிக்கும் மடல் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் தகட்டின் வடிவத்தைப் பார்த்து 'பப்பியோன்', அதாவது வண்ணத்துப்பூச்சி என்றார்கள்.

அந்தக் காலத்து அம்பாசடர், பத்மினி வைத்திருந்தவர்களுக்கு 'சோக்' தெரிந்திருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுப்பார்களே, அது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் மூச்சடைப்புதான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் என்ற ஒரே கருவியில் இரண்டு அமைப்புகள், இரண்டின் பெயரும் கழுத்தை நெரிப்பதுதான். நம்ம ஊரில் 'சோக்கா இருக்குது' என்கிறோமே, அந்தச் சோக்கு வேறு. அது விருப்பத்தைக் குறிக்கும் உருதுச் சொல்லின் வழியில் வந்தது.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் நீராவி எஞ்சின்களோடு வாழ்ந்த தலைமுறை திராட்டில் என்று சொல்லியிருக்காது. பிரிட்டிஷ் ரயில் வழக்கில் அதற்கு ரெகுலேட்டர் என்றுதான் பெயர். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் கருவிகள். ஆனால் ரெகுலேட்டர் என்றவன் ஒழுங்கைப் பார்த்தான், திராட்டில் என்றவன் நெரிப்பதைப் பார்த்தான். தமிழிலும் இந்த வேறுபாடு ஓர் எழுத்தில் நிற்கிறது. ரெகுலேட்டர் என்பது நெறிப்படுத்தி, வல்லின றி. திராட்டில் என்பதை நெரிப்பி எனலாம், இடையின ரி. முன்னது வழி, ஒழுங்கு என்ற பொருளுள்ள 'நெறி'யிலிருந்து வருவது. பின்னது நசுக்கு, இறுக்கு என்ற பொருளுள்ள 'நெரி'யிலிருந்து. எழுதும்போது தயவுசெய்து மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

நெரி என்பது அகராதியிலிருந்து தூசி தட்டி எடுத்த சொல் அல்ல. தண்டையார்பேட்டையில் ரயில்வே கேட் மூடினால் உண்டாகும் போக்குவரத்து நெரிசலிலும் அதுதான் இருக்கிறது, குரல்வளையை நெரித்தான் என்பதிலும் அதுதான். சிலர் 'மிடறு' என்ற சொல்லிலிருந்து ஆக்கலாமே என்பார்கள். கறைமிடற்றன் என்று சிவனைச் சொல்லும் அந்த மிடறு அழகான சொல். ஆனால் அது தொண்டையின் பெயர், நெரிக்கும் செயல் அதில் இல்லை. இன்றைக்கு 'ஒரு மிடறு தண்ணீர்' என்ற அளவில்தான் பலருக்கும் அது தெரியும். (நாம் இருப்பது தொண்டை மண்டலம் என்பதால் யாராவது முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அந்தத் தொண்டை ஒரு கொடியின் பெயர், கோவைக்கொடி என்பார்கள். கழுத்தோடு அதற்குத் தொடர்பில்லை.)

இன்னொரு குழப்பம், 'முடுக்கி'. அது காலுக்குக் கீழே இருக்கும் ஆக்சிலேட்டர் மிதி. மாட்டை முடுக்கு என்பதிலுள்ள முடுக்குதான், ஆக்சிலேட்டருக்கு மிகப் பொருத்தம். அதையே பானட்டுக்குள் இருக்கும் தகட்டுக்கும் சொன்னால் இரண்டு பொருளுக்கு ஒரு பெயராகிவிடும். ஆக, மிதிப்பது முடுக்கி, நெரிப்பது நெரிப்பி. பாடி என்பதை உடல் என்று பெயர்ப்பதைவிடக் கூடு என்பதே இயல்பு. எனவே திராட்டில் பாடி என்பது நெரிப்பிக்கூடு. உள்ளே இருக்கும் தகட்டை நெரிப்பிதழ் எனலாம். இதய வால்வைத் தடுக்கிதழ் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இனி அந்த இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். நெரிப்பி என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொண்டால் விடை எளிது. அந்தக் கருவி எஞ்சினுக்கு எந்தச் சக்தியும் தருவதில்லை. எஞ்சின் இழுக்க நினைக்கும் காற்றைத் தடுத்து வைப்பதுதான் அதன் வேலை. வெளியே காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். கார் ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்படி, நிற்கும்போது மேனிஃபோல்டுக்குள் அது பெரும்பாலும் 30 முதல் 40-க்குள்தான் இருக்கும். அவ்வளவு இறுக்கமான பிடி. முழுக்க மிதித்துவிட்டால் தகடு காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிவிடும், பிடி ஏறக்குறைய விட்டுப்போகும். அந்த நிலையில் காற்றைத் தடுப்பது ஏர் ஃபில்டர், சிலிண்டர் ஹெட்டின் வழிகள், வால்வு திறக்கும் அளவு ஆகியவை. கூட்டைப் பெரிதாக்கினாலும் அவை மாறப்போவதில்லை.

அப்படியானால் பெரிதாக்கியவர்கள் 'பிக்கப் ஏறிடுச்சு' என்கிறார்களே, பொய்யா? பொய் இல்லை. துளையின் விட்டம் 46 மில்லிமீட்டரிலிருந்து 50 ஆனால் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடும். பழைய அளவுக்கே மிதித்தாலும் கூடுதல் காற்று போகும். மூடிய ஜன்னலை விரல் அகலம் திறந்தால் உடனே காற்று முகத்தில் அடிக்கும். பாதி திறந்ததை இன்னும் விரல் அகலம் திறந்தால் தெரியவே தெரியாது. அதுபோல மிதியின் முதல் கால்பங்கில்தான் இந்த வித்தியாசம் புரியும். வண்டியின் உச்ச சக்தி அநேகமாக அதேதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்கு இது நன்மையே அல்ல. கால் பட்டாலே வண்டி குதிக்கும், விட்டால் குலுங்கும்.

இந்தத் தேய்ப்பு வேலைக்கு வடசென்னைப் பக்கம் ஒரு வரலாறும் உண்டு. செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்தது. பிறகு, 1990 வாக்கில், அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. பந்தய வண்டியில் கார்புரேட்டரைத் தேய்ப்பதற்கு அர்த்தம் உண்டு. அங்கே ஹெட், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), சைலன்சர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள், வண்டியும் பெரும்பாலும் முழு மிதியில் ஓடும். வீட்டுக் காரில் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் தொடுவது அதிலிருந்து பிய்த்து எடுத்த ஒரு துண்டு.

கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் தயங்குகிறேன் என்று புரியும். நெரிப்பிதழ் வட்டமாகத் தெரிந்தாலும் சரியான வட்டம் அல்ல. சில டிகிரி சாய்வில் மூடிக்கொள்வதற்காக நீள்வட்டமாக, விளிம்பைச் சரிவாகச் சீவி அளவு பிசகாமல் செய்திருப்பார்கள். லேத்துப் பட்டறையில் துளையைக் கடைந்து பெரிதாக்கிவிடலாம், அந்தத் தகட்டை அவ்வளவு துல்லியமாகச் செய்வது கடினம். மயிரிழை இடைவெளி கூடினாலும் ஐடிலில் தேவைக்கு மேல் காற்று கசியும், ஆர்.பி.எம். ஏறி ஏறி இறங்கும். தகட்டைத் தண்டோடு பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்களைத் திருப்பிப் பாருங்கள், பின்முனையை நசுக்கி விட்டிருப்பார்கள். கழன்று விழுந்தால் நேரே சிலிண்டருக்குள் போய்விடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. காற்றுக்கு வழி கூட்டுவதற்காகத் தண்டைப் பாதியாகச் சீவி மெலிதாக்க அந்த ஸ்குரூக்களைக் கழற்றுகிறவர்கள் பலர் திரும்ப மாட்டும்போது நசுக்குவதில்லை. ஒரு ஸ்குரூ உள்ளே போனால் பிஸ்டன், வால்வு, ஹெட் எல்லாம் போச்சு. எமரி தாளில் தேய்த்த அலுமினியத் தூள் உள்ளே போவதும் நல்லதல்ல.

இன்றைய கார்களில் இன்னொன்றும் உண்டு. கேபிள் இல்லை, தகட்டைத் திருப்புவது ஒரு மோட்டார், எவ்வளவு திருப்புவது என்று முடிவு செய்வது கணினி. மிதியில் தெரியும் மந்தம் பல நேரம் அந்த நிரலில் இருக்கிறது, துளையில் அல்ல. பெடல் பாக்ஸ் என்று விற்கிறார்களே, அது மிதியின் சிக்னலை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பெட்டி. கொஞ்சம் மிதித்தாலே தகடு அதிகம் திறக்கும், ஆனால் முழுக்க மிதித்தால் போகும் காற்றின் அளவு அதனால் கூடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் ஆர்.சி. புத்தக விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. எஞ்சினில் கை வைப்பவர்கள் அதைப் படித்துவிட்டே இறங்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை சுத்தம் செய்வது. எஞ்சின் மூச்சுக்குழாய் வழியே வரும் எண்ணெய்ப் புகையும், மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கருப்பாகப் பிசுபிசுத்து நிற்கும். மிதியைத் தொட்டவுடன் கார் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாவியை எடுத்துவிடுங்கள். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். தண்டின் முனையிலும் உணரியிலும் (சென்சார்) நேரே பீய்ச்ச வேண்டாம். மோட்டார் வைத்த தகட்டை விரலால் வலுவாகத் தள்ளக் கூடாது, பல்சக்கரம் போகும். சில கம்பெனிகள் துளையின் உட்புறத்தில் இடைவெளியை அடைக்க ஒரு பூச்சு போட்டிருக்கும். அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிட்டால் ஐடில் ஏறிவிடும். துடைத்து மாட்டியபின் ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐடில் நிலையைக் கணினி மறுபடி கற்றுக்கொள்ள வைக்கும் முறை காருக்குக் கார் வேறு, கையேட்டில் இருக்கும்.

'பிக்கப்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். தூண்டலுக்கு எதிரே துலங்கல் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மிதித்தவுடன் எஞ்சின் காட்டும் துடிப்பை முடுக்குத் துலங்கல் எனலாம். 'ஃபுல் திராட்டில்' என்பதை மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து முழு நெரிப்பு என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அது பிடியை முழுவதும் விட்ட நிலை. தமிழில் முழு நெரிப்பு என்றால் எஞ்சின் நின்றுபோகும். அதற்கு முழுத் திறப்பு என்பதே சரி. ஃபுல் ரேஸ் என்று ராயபுரத்தில் சொல்வதும் பொருளில் பிசகவில்லை.