பட்டா இருக்கிறது, மாமரம் எங்கே?

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். காவேரிப்பட்டணத்துத் தம்பி, ஓசூரில் கம்பெனி வேலை. கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"அண்ணா, கார்டெல்லாம் வெள்ளையாத் தெரியுது. டிஸ்பிளே போயிடுச்சா?"

டிஸ்பிளே நன்றாகத்தான் இருந்தது. 2022இல் ஆசை ஆசையாக வாங்கிய 14 கிரிக்கெட் என்எஃப்டி கார்டுகள். என்எஃப்டி என்றால், யாருடையது என்று பிளாக்செயினில் டோக்கனாகப் பதிவாகும் டிஜிட்டல் படம். விற்ற ஆப்பை மூடிவிட்டார்கள். மெயிலைத் துழாவினேன். இந்தத் தேதிக்குள் உங்கள் வாலட்டுக்கு, அதாவது டோக்கன்களின் சாவியை வைத்திருக்கும் சொந்த ஆப்புக்கு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை எழுதியிருக்கிறார்கள். மூன்றும் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே, திறக்கப்படாமல்.

"பிளாக்செயின்ல இருக்கே அண்ணா, அழியவே அழியாதுன்னாங்களே?"

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் பிரதி இருக்கும் பொதுப் பதிவேடு. அதில் பெரும்பாலும் படம் இருக்காது. டோக்கன் எண், அது யாருடைய வாலட்டில் இருக்கிறது, படத்தின் விவரம் எங்கே கிடைக்கும் என்ற முகவரி, அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் அது பட்டா. சர்வே எண் இருக்கும், பெயர் இருக்கும். தோப்பில் மாமரம் நிற்கிறதா, போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டதா என்று பட்டாவுக்குத் தெரியாது. மரம் நிற்பது வேறு யாருடைய சர்வரிலோ. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் திவாலானதும் அங்கே உருவான என்எஃப்டிகளின் படங்கள் காணாமல் போயின. 2025 ஏப்ரலில் நைக்கின் என்எஃப்டி நிறுவனமான ஆர்டிஎஃப்கேடி வெளியிட்ட குளோன்எக்ஸ் படங்கள் இருந்த இடத்தில், அவற்றை இணையத்தில் வழங்கிவந்த கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தடை அறிவிப்பு வந்து நின்றது. டோக்கன்கள் என்னவோ பத்திரமாகத்தான் இருந்தன.

இந்தத் தம்பிக்கு அந்தப் பட்டாவும் சொந்தப் பெயரில் இல்லை. ஆப்புக்குள்ளேயே விட்டுவைத்திருந்தார், சாவி அவர்களிடம். 14இல் ஒன்றைக்கூட என்னால் எடுத்துத் தர முடியவில்லை. காசும் வாங்கவில்லை.

ஆப் உயிரோடு இருக்கும்போதே சொந்த வாலட்டுக்கு மாற்றுங்கள். கிராக்கன் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தன் என்எஃப்டி சந்தையை மூடியபோது 2024 நவம்பர் 27 முதல் 2025 பிப்ரவரி 27 வரை, மூன்று மாதம்தான் அவகாசம் கொடுத்தது. வாலட்டைத் திறக்கும் சாவியான 12 சொற்களை நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். போட்டோ எடுத்து வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் எக்ஸ்ப்ளோரரில், அதாவது பிளாக்செயின் பதிவுகளைத் தேடிக் காட்டும் வெப்சைட்டில், டோக்கனில் எழுதியிருக்கும் பட விவர முகவரியைப் பாருங்கள். சாதாரண வெப்சைட் முகவரி என்றால் இன்றைக்கே படத்தையும் விவரக் கோப்பையும் இறக்கிவிடுங்கள். பல கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐபிஎஃப்எஸ் வலைப்பின்னல் என்றாலும் மெத்தனம் வேண்டாம். யாராவது ஒருவர் தன் கணினியில் அழிக்காமல் ‘பின்’ (pin) செய்து வைத்திருக்கும்வரைதான் அது கிடைக்கும். ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு. அங்கே முகவரியே கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பிறப்பது. அசல் கோப்பு கையில் இருந்தால் மறுபடி ஏற்றி அதே முகவரியில் உயிர்ப்பிக்கலாம். பழைய அமைப்பு மாறாமல் ஏற்ற வேண்டும், அது எங்கள் தலைவலி. அசல் என்றால் அசல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஒரு பைட் மாறினாலும் முகவரி பொருந்தாது. "பென்டிரைவ்ல பத்திரமா இருக்குண்ணா" என்று ஒருவர் திறந்து காட்டினார். ஸ்கிரீன்ஷாட். மேல் மூலையில் பேட்டரி 17%.

ஆப் மூடிய சேதி பரவியதும் டெலிகிராமில் மீட்டுத் தருகிறோம் என்று வருவார்கள். 12 சொற்களைக் கேட்பவன் திருடன். இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

வாங்கிய ரசீது மெயிலையும் அழிக்காதீர்கள். விற்று லாபம் வந்தால் 30% வரி உண்டு, ஆடிட்டர் கேட்பார்.

கடைக்கு வருவதானால் மெயில் பாஸ்வேர்டை நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். பாதிப் பேருக்கு அதற்கே அரை மணி நேரம் ஆகிறது.