நட்சத்திரம் தெரியும், ரத்த வகை தெரியாது

போன மாதம் அம்மாவை முட்டிவலிக்காக டவுன் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேட்டதும் அம்மா பைக்குள் கைகூட விடவில்லை. "லீமா லாப்பான்" (ஐந்து எட்டு) என்று ஆரம்பித்து, நடுவில் "கோசோங் லாப்பான்" (சைபர் எட்டு) என்று ஒரு சின்ன மூச்சு வாங்கி, பன்னிரண்டு இலக்கத்தையும் மலாயில் ஒரே ராகமாக இறக்கி வைத்தார். அடுத்து, அவசரத்துக்குக் கூப்பிட என் போன் நம்பரைக் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார். ரத்த வகை கேட்டார்கள். அதற்கும் என்னைத்தான் பார்த்தார், எனக்கும் தெரியவில்லை. ஆனால் நாற்காலியில் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், பக்கத்தில் இருந்த அக்காவிடம் "பெரியவன் பூரட்டாதி, சின்னவள் அஸ்தம், கன்னி ராசி" என்று யோசிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

உயிருக்கு ஆபத்து என்றால் உதவப் போவது ரத்த வகைதான், அஸ்தம் இல்லை. இருந்தும் மூளை ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டது. எது முக்கியம் என்று பார்த்து மூளை சேர்த்து வைப்பதில்லை. எதை நாம் அடிக்கடி உள்ளேயிருந்து எடுத்து வாயால் சொல்கிறோமோ, அதைத்தான் அது பிடித்து வைக்கிறது.

முதலில் ஐசியை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1948 ஜூன் 16 அன்று இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டி அவசரகாலம் வந்தது, அவசரகாலத்தோடு அடையாள அட்டையும் வந்தது. இப்போது நாம் சொல்லும் பன்னிரண்டு இலக்கம் 1990இல்தான் நடைமுறைக்கு வந்தது, மைகார்டு 2001இல். அதற்கு முன்னால் ஏழு இலக்க நம்பர் இருந்தது, சில பெரியவர்கள் அதையும் இன்னும் ஒப்பிப்பார்கள்.

ஏழு பன்னிரண்டாகிவிட்டதே, சுமை கூடியிருக்க வேண்டுமே என்று தோன்றும். 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனம் ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஏழு துண்டுகளைத்தான் தாங்கும் என்று எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை இன்னும் குறைத்து நான்கு என்றார். இருவருமே துண்டு என்றுதான் சொன்னார்கள், இலக்கம் என்று சொல்லவில்லை. ஐசி நம்பரில் முதல் ஆறு இலக்கம் நம் பிறந்த தேதி, அது ஏற்கெனவே தெரியும், ஆகவே ஒரு துண்டு. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08, ஜோகூர் 01, சிலாங்கூர் 10. மிஞ்சுவது நான்கே நான்கு. அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் பாதித் துப்பு கையிலேயே இருக்கிறது. பன்னிரண்டு என்று மிரட்டினாலும், புதிதாக நெட்டுரு போட வேண்டியது ஒரு மோட்டார் பிளேட் நம்பர் அளவுதான்.

(பிளேட் நம்பர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சாலையில் காடி கவிழ்ந்தால் அடிபட்டவர்களைத் தூக்குவதற்கு முன்னாலேயே நாலு நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளும் ஆள்கள் நம் ஊரில் உண்டு. ஒரே தடவை பார்த்ததுதான், நம்பர் ஏக்கோர் (நாலு நம்பர் லாட்டரி) கடைக்குப் போய்ச் சேரும்வரை மறக்காது. பயமும் ஆசையும் சேர்ந்தால் மூளை ஒரே பார்வையில் எழுதிவிடும். அது விதிவிலக்கு, ஐசி கதை வேறு.)

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதே நம்பரைத் தமிழில் சொல்லச் சொன்னேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு படித்தவர், பாசாரில் காசைத் தமிழில்தான் எண்ணுவார். ஆனால் ஐசி தமிழில் வரவில்லை. உதடு முதலில் மலாயில் முணுமுணுக்கிறது, அப்புறம் ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாற்றுகிறார், எட்டாவது இலக்கத்தில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அவருக்குள் இருப்பது எண்ணாக இல்லை, கவுண்டரில் சொல்லிச் சொல்லிப் பதிந்த ஒரு பாட்டாக இருக்கிறது. பாட்டை நடுவில் பிடித்துத் தொடங்கச் சொன்னால் யாருக்கும் கஷ்டம்தான்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரு நம்பரைக் கேட்டதும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அதைக் கீழே விழாமல் பிடித்து வைக்கிறோம். 1974இல் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் இந்த உள்குரலைத் தங்கள் நினைவாற்றல் விளக்கத்தில் சேர்த்தார்கள். மறு வருடம் பேட்லியின் குழு அதன் அளவையும் கண்டது: ஏறக்குறைய இரண்டு விநாடியில் வாய் எவ்வளவு சொல்லி முடிக்குமோ அவ்வளவுதான் அதில் நிற்கும். அப்படியானால் மொழிக்கு மொழி வித்தியாசம் இருக்க வேண்டுமே? இருக்கிறது. வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை 1980இல் சோதித்தபோது, அவர்களுக்கு வேல்ஸ் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடித்ததால் அந்த மொழியில் குறைவான இலக்கங்களே நின்றன.

இந்த உள்குரல் கவுண்டரிலிருந்து நாற்காலி வரைதான் தாங்கும். ஆயுளுக்கும் நிற்க வேறு ஒன்று வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் பதிந்துவிடும் என்று நினைப்போம். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டின் பின்பக்கம் என்ன படம் என்று கேட்டுப் பாருங்கள். நான் எங்கள் மாமாவிடம் கேட்டேன். இருபது வருடமாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர், சம்பளமாக அந்த நோட்டை எத்தனை தடவை எண்ணியிருப்பாரோ. "ஆமையா?" என்றார். ஆமை இருபது வெள்ளியில். ஐம்பதில் இருப்பது செம்பனை மரம்! 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் இதே மாதிரி அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் காசை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலோரால் அதன் அம்சங்களில் பாதியைக்கூடச் சரியான இடத்தில் போட முடியவில்லை. நிறத்தைப் பார்த்தாலே எத்தனை வெள்ளி என்று தெரிந்துவிடுகிறது, பிறகு படத்தை எதற்கு மூளை சுமக்க வேண்டும்?

எடுத்துச் சொல்வதன் பலனை 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் அளந்து காட்டினார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தி படிக்கக் கொடுத்து, ஒரு பிரிவைத் திரும்பவும் படிக்க விட்டார்கள், இன்னொரு பிரிவைத் தாளை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42.

நம் கோயில் அர்ச்சனை இதே சோதனைதான், இடைவெளி விட்டு நடத்துவது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு "பேரு, நட்சத்திரம், ராசி?" என்பார். பார்த்துப் படிக்க அங்கே தாள் இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது, அம்மா வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உள்ளேயிருந்து எடுத்துச் சொல்லியாக வேண்டும். அடுத்த பரீட்சை அடுத்த வெள்ளி. ஒரே நாளில் உருப்போடுவதைவிட நாள் தள்ளித் தள்ளிச் சொல்வது நன்றாகப் பதியும் என்பதை ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனை எலியாக்கிக் கண்டு 1885இல் எழுதிவிட்டார். ரத்த வகைக்கு இப்படி ஒரு குருக்கள் இல்லை. பிரசவத்தின்போது யாரோ அட்டையில் எழுதினார்கள், அட்டை அலமாரிக்குள் போனது, அதோடு சரி.

இப்படி வருடக்கணக்கில் சொல்லிவிட்டால் பிறகு நிறுத்தினாலும் போகாது. ஹாரி பாரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்த 733 பேரைப் பார்த்தார். முதல் மூன்றிலிருந்து ஆறு வருடங்களில் நிறைய மறந்துபோகிறது, மிஞ்சியது அதற்கப்புறம் ஏறக்குறைய முப்பது வருடம் அசையாமல் கிடக்கிறது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்து, பால் நிறுக்கும்போது கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) தன் நம்பரைச் சொல்ல வேண்டும். மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள், கடைசிக் காலத்தில் என் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார், ஆனால் நம்பர் என்னவென்றால் "நூத்திப் பதினேழு" என்பார் பட்டென்று.

சரி, அம்மாவுக்கு என் போன் நம்பர் ஏன் தெரியவில்லை? முன்பெல்லாம் தோட்டத்துக் கடைப் பொதுத் தொலைபேசியில் காசு போட்டு, கோலாலம்பூரில் இருந்த சித்தப்பா நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அழுத்துவார். அந்த நம்பர் இன்றும் தெரியும், சித்தப்பா வீடு மாறிப் பல வருடம் ஆகியும். என் நம்பரை அவர் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை, படத்தைத் தொட்டால் நான் பேசுவேன். இருக்குமிடம் தெரிந்தால் பொருளை மனம் சுமக்காது. இதை டேனியல் வெக்னர் 1980களில் கணவன் மனைவியை வைத்து விளக்கினார்: ஒருவர் பில் கட்டும் தேதியை வைத்துக்கொள்வார், மற்றவர் சொந்தக்காரர் பிறந்தநாளை, இருவருக்கும் யாரிடம் எது இருக்கிறது என்பது மட்டும் தெரியும். 2011இல் அவரும் பெட்சி ஸ்பாரோவும் ஜென்னி லியூவும் செய்த சோதனையில், கணினி சேமித்து வைக்கும் என்று நம்பியவர்களைவிட, அழிந்துவிடும் என்று நினைத்தவர்கள் தட்டச்சு செய்த தகவல்களை அதிகம் நினைவு வைத்திருந்தார்கள்.

விரல்களிடமும் இப்படிக் கொடுத்து வைத்திருக்கிறோம். என் வங்கி அட்டையின் ஆறு இலக்க ரகசிய எண்ணைச் சொல்லச் சொன்னால் வராது, காற்றில் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். கால்குலேட்டர் மாதிரி ஏழு எட்டு ஒன்பது மேல்வரிசையில் இருந்தால் விரலும் கைவிட்டுவிடும்.

நட்சத்திர விஷயத்தில் எங்கள் வீட்டுக்கே அம்மாதான் போன். முட்டிவலியால் அவர் வர முடியாத வெள்ளிக்கிழமை, அப்பாவும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு போனோம். குருக்கள் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், நட்சத்திரத்துக்கு அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க குருக்களே" என்றார் அப்பா.