தனக்கா: மரமா, கட்டையா, சாந்தா?

தமிழ்நாட்டிலிருந்து யாங்கோனுக்கு வரும் உறவினர்களுக்கு இந்தச் சொல் ஒரு கேள்வியாகத்தான் காதில் விழும். “தனக்கா? பிறர்க்கில்லையா?” என்று கேட்டுவிட்டுத் தாமே சிரிப்பார்கள். முப்பது வருடமாக அதே சிலேடை. நாங்களும் முப்பது வருடமாக உடன் சிரிக்கிறோம்.

தனக்கா, பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் சாந்துக்கும் அதைத் தரும் மரத்துக்கும் வழங்கும் பர்மியச் சொல். அந்த எழுத்தை அப்படியே கூட்டிப் படித்தால் ‘ஸனப்கா’ என்று வரும். முதலெழுத்து வடமொழி ஸகரத்தின் வழிவந்தது. பர்மியர் நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்து அதை ஒலிப்பதால் தகரத்துக்கு நெருங்கிவிடுகிறது. பாலி மொழியின் ‘சாசன’ இங்கே ‘தாதனா’ ஆவதும், ‘சங்க’ என்பது ‘தங்கா’ ஆவதும் இதே வழியில்தான். இடையில் உள்ள பகரம் எழுத்தில் மட்டும் நிற்கிறது. எழுத்தைப் பார்க்காமல் காதை நம்பி எழுதியதால் நமக்குத் தனக்கா கிடைத்தது. ஊர்ப்பெயரில் கதை தலைகீழ்: எழுத்தில் இருக்கும் ரகரம் நம் ‘ரங்கூன்’ என்ற பேச்சில் தங்கியது; அவர்கள் வாயில் அது யகரமாகி ‘யாங்கோன்’ ஆயிற்று.

சொல் ஒன்று, பொருள் மூன்று. மரத்துக்கும் தனக்கா, அதை அறுத்து விற்கும் கட்டைக்கும் தனக்கா, கட்டையை உரைத்துக் கன்னத்தில் பூசும் வெளிர்மஞ்சள் சாந்துக்கும் தனக்கா. கட்டையில் ஷ்வேபோ, ஷின்மடாங் என்ற இரண்டு வட்டாரங்களின் சரக்குக்கும் பெயர் அதிகம். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவர்தான் கடையில் ஏமாறுகிறார்.

தமிழில் எப்படிச் சொல்வது? ஊரில் பலர் ‘பர்மாச் சந்தனம்’ என்கிறார்கள். பிழை. சந்தனம் வேறு மரம். பர்மிய மொழியில் அதற்கு ‘நந்தாப்யூ’, வெள்ளை நறுமணம், என்று தனிப்பெயரே உண்டு. வேறு சிலர் ‘விளாம்பட்டை’ என்று எழுதுகிறார்கள். இந்தப் பிழைக்கு வேர் தாவரவியலில் இருக்கிறது. தனக்கா மரம் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை முன்பு ‘லிமோனியா கிரெனுலாட்டா’ என்றார்கள், விளாமரம் ‘லிமோனியா அசிடிசிமா’. முதற்பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் குழம்பி, இன்றுவரை பல அழகுப்பொருள் டப்பாக்களில் தனக்காவுக்கு விளாமரத்தின் பெயரே அச்சாகி வருகிறது. இன்றைய சரியான பெயர் ‘நாரிங்கி கிரெனுலாட்டா’. ‘ஹெஸ்பெரெத்தூசா கிரெனுலாட்டா’ என்று இருந்தாலும் அதே மரம்தான்.

அந்த மரம் தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் நிற்கிறது: மகாவில்வம். வில்வத்துக்கு மூன்று இலை; இதற்கு ஐந்து, ஏழு என்று போகும். இலைகளுக்கு நடுவே ஓடும் காம்பின் இருபுறமும் சிறகு வைத்ததுபோலப் பச்சை விரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வில்வத்தோடு குழப்பவே முடியாது. அங்கே அர்ச்சனைக்குப் போகும் மரம் இங்கே அம்மிணிகளின் கன்னத்துக்கு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே மரத்துக்கு மகாவில்வம், கட்டைக்கு மகாவில்வக் கட்டை என்று சொல்லிவிடலாம். பூசுவதற்கு? ‘பேஸ்ட்’ என்று எழுதுவோர் உண்டு. கைவசம் ‘சாந்து’ இருக்கும்போது அது எதற்கு? மரத்தை நீர்விட்டு உரைத்து மெய்யில் பூசுவதற்குச் சாந்து என்பது நம் பழைய சொல். ‘சந்தனம்’ என்ற வடசொல்லே இந்தச் சாந்திலிருந்து போனது என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. கன்னத்தில் இலைபோலவும் வட்டமாகவும் வரைந்துகொள்ளும் பர்மியப் பெண்களைப் பார்க்கும்போது சங்கப் பாடல்களின் ‘தொய்யில்’ எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் தொய்யில் என்பது தோளிலும் மார்பிலும் எழுதும் கோலம். தனக்காவுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அளவுக்கு மீறிய ஆசை. மகாவில்வச் சாந்து போதும். பேச்சில் தனக்கா என்றே சொல்லுங்கள். அத்தோ, மொயிங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் உணவுகளை ஏற்ற நாக்குக்கு இது பாரமில்லை.

உரைக்கும் கல்லுக்கு ‘சௌப்பியின்’ என்று பெயர்: சௌ கல், பியின் பலகை. நம் சந்தனக்கல்லிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது விளிம்பைச் சுற்றி ஓடும் வாய்க்கால். பயின்னௌங் மன்னரின் மகளுடையது என்று சொல்லப்படும் கல், 1930 நிலநடுக்கத்தில் உடைந்த நிலையிலேயே பெகுவின் ஷ்வேமாடோ பகோடாவில் இருக்கிறது. எங்கள் அப்பத்தாவின் கல்லுக்கு அத்தனை வரலாறு இல்லை. விடியற்காலையில் அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார். கட்டையின் பட்டைப்புறம் கல்லில் படும்படி பிடித்து வட்டமாக உரைப்பார். தேய்கிற ஓசை முதலில் கரகரவென்று இருந்து, சாந்து கூடக் கூட மெத்தென்று அடங்கும். அதிகத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிவிடும், நடுவில் கெட்டிச் சாந்து நிற்கும். அதை விரலால் வழித்து முதலில் தன் முழங்கையில் தொட்டுப் பார்த்த பிறகே எங்கள் முகத்துக்கு வருவார்.

அந்த முழங்கைச் சோதனையை நான் மறந்த வருடம் ஒன்று உண்டு. ‘தனக்கா’ என்று பெரிதாக அச்சிட்ட மஞ்சள் லோஷன் ஒன்றை வாங்கிக் கை முழுக்கப் பூசினேன். வாசனை தூக்கியது, மறுநாள் கையும் தடித்தது. அக்டோபர் வாக்கில் வரும் தடின்ஜுட் விளக்குத் திருவிழாவில் வந்த அரிப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. அது விட்டுப்போன கருந்திட்டுகள் ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா வரை இருந்தன. பிறகுதான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவது வழக்கம். அந்த வரிசையில் நறுமணப் பொருளுக்கும் பின்னால், கடைசிக்கு முந்தியதாக, விளாமரத்தின் பெயரில் நம் மகாவில்வம் உட்கார்ந்திருந்தது.

நம் தோலுக்கு உடல் பூச்சு தேர்ந்தெடுப்பதில் இதுதான் முதல் கணக்கு. மெலனின் உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கையில் நமக்கும் வெள்ளைத் தோலருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நம் செல்கள் உண்டாக்கும் மெலனின்தான் அதிகம். அதனால் கொசுக்கடியோ அரிப்போ சிராய்ப்போ, எது வந்தாலும் ஆறிய இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். எரிச்சல் தராத பூச்சே நமக்கு நல்ல பூச்சு. வாசனை குறைந்ததை எடுங்கள். முழங்கை மடிப்பில் ஏழு முதல் பத்து நாள் பூசிப் பாருங்கள். ‘வெளுக்கும்’ என்று சொல்லும் கிரீம்களை, அதுவும் சேர்மானப் பட்டியலே இல்லாத டப்பாக்களை, தொடவே வேண்டாம். பாதரசமும் ஸ்டீராய்டும் ஒளிந்திருப்பது அவற்றில்தான்.

மகாவில்வப் பட்டையில் இருக்கும் மார்மெசின் என்ற பொருள் புறஊதாக் கதிரை உறிஞ்சும். அதற்காக நாள் முழுக்க வெயிலில் நிற்பவர் இந்தச் சாந்தை மட்டும் நம்பக்கூடாது. பூசும் கனம் ஆளுக்கு ஆள் மாறும். அவர்களுக்கு எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீனாவது வேண்டும். துத்தநாக ஆக்சைடு உள்ளவை நம் நிறத்தில் திருநீறு பூசியதுபோலத் தெரியும் என்றால், இரும்பு ஆக்சைடு கலந்து நிறமூட்டியவை கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கச் செய்யும். அதைத் தடுப்பதில் இரும்பு ஆக்சைடுக்குப் பங்கு உண்டு.

தனக்கா தோலை உலர்த்தும். மழைக்கால யாங்கோனின் கசகசப்பில் அது வரம். நவம்பருக்குப் பின் கணுக்கால் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அதையே காலுக்கும் பூசுவது வீண்வேலை. அப்போது குளித்த ஈரம் காயுமுன் கிளிசரின் கலந்த கெட்டி லோஷனோ வாசலினோ தடவவேண்டும். அப்பத்தா அந்த மாதங்களில் கல்லைக் கழுவிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய்ப் புட்டியை வெயிலில் உருக வைப்பார். முகத்துக்கு மட்டும் கொஞ்சம் உரைக்கச் சொல்லிக் கேட்டால், தெயின்ஜீ சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்த அந்தக் கட்டையின் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று முதலில் திருப்பிப் பார்ப்பார்.